பொத்தான் இல்லாத மெசின் வாள்

அண்ணை,

இன்று காலை ஆட்டுக்குட்டியின் காதுப் புண்ணில் இலையான் மொய்த்துக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்துக் கொஞ்சம் தடவிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவியும் மணம் போகவில்லை. மத்தியானம் சோறு பிசையும்போதும் நீங்கள்தான் மணந்தீர்கள். செத்துப்போன மனிதர் சோற்றுக் கோப்பைக்குள் வந்து இருந்துகொண்டால் நான் எப்படிச் சாப்பிடுவது? கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு உங்களோடு சண்டை பிடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

சண்டைதான். அழுகையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. எனக்கு மிச்சமாகக் கிடப்பது சில கேள்விகள். உயிரோடு இருந்தபோதே கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாத ஆளிடம் இப்போது கேட்டு என்ன வரப்போகிறது? ஆனாலும் கேட்கத்தான் போகிறேன்.

வேறு வீடுகளில் வேப்பெண்ணெய் மணந்தால் யாருக்கோ சிரங்கு என்று அர்த்தம். எங்கள் வளவில் மணந்தால் அண்ணை மரம் அரிகிறார் என்று அர்த்தம். வன்னியில் காடு வெட்டக் குத்தகை எடுக்கும் கொந்தறாத்துக்காரரிடம் வேலை முடிந்து நீங்கள் எங்கள் ஊர் சரவணைக்கு வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. லொறியின் பின்னால் அந்தப் பெரிய பழைய மெசின் வாள் மட்டும் கிடந்தது. நீங்களும் லொறிக்காரனும் சேர்ந்துதான் அதை இறக்கினீர்கள்.

"என்ன அண்ணை, எருமையோ கொண்டு வந்திருக்கிறியள்?" என்றேன். அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

என் சீதன வளவின் பின்பக்கம் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு இருந்தீர்கள். என் வீட்டுக்காரர் தென்பகுதியில் கடையோடு கிடந்தார். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து போவார். பட்ட பனையைத் தறிப்பது, காற்றில் முறிந்த வேப்பங் கொப்பை அரிவது, பூவரசில் வேலிக்குக் கதியால் வெட்டுவது எல்லாம் நீங்களும் எருமையும்தான்.

எருமையின் பின்கைப்பிடியோடு ஒரு பொத்தான் இருந்தது. அதன் சங்கிலிக்கு எண்ணெய் தானாகப் போகாது. மரத்தை அரிந்துகொண்டே பெருவிரலால் பொத்தானை அமத்திக் கொடுக்கவேண்டும். கடை எண்ணெய்க்குப் பதிலாக நீங்கள் வேப்பெண்ணெய்தான் ஊற்றுவீர்கள். "கறையானும் அண்டாது, சங்கிலியும் சுத்தும்" என்பீர்கள். வேலை தொடங்க முன்னர் எருமையை வாங்குப் பலகையின் மேல் ஏற்றிச் சங்கிலியின் பல்லை அரத்தால் தீட்டுவீர்கள். பிறகு நான் கைப்பிடியைப் பிடித்துப் பொத்தானை அமத்தவேண்டும். நீங்கள் வாளின் நுனியில் குனிந்து நின்று எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பீர்கள்.

"அமத்து. விடு. அமத்து. என்ன நித்திரையோ? அமத்து!"

நான் இடதுகைக்காரி. அகப்பையும் கத்தியும் விளக்குமாறும் எனக்கு இடது கையில்தான். எருமையின் பொத்தான் மட்டும் வலது பெருவிரலுக்கென்றே செய்தது. ஒன்றுக்கும் உதவாத என் வலது கை பழகிய ஒரே தொழில் அதுதான். மாசிப் பனியில் வேப்பெண்ணெய் உறைந்து தடித்துவிட்டால் பொத்தான் இறுகும். "அண்ணை, இறுகுது" என்பேன். போத்தலை வெயிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம்.

உங்களுக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு வந்த பிறகு நான் கத்தாத நாளில்லை. வெளிநாட்டுச் சாமான்கள் யாழ்ப்பாணக் கடைகளில் மறுபடி வரத் தொடங்கிய காலம் அது. புது மெசின்கள் எவ்வளவோ பாரம் குறைவு என்று ஊரில் கதைத்தார்கள்.

"இதை ஆரிட்டையும் தள்ளிப்போட்டுப் புதிசொண்டு வாங்குங்கோவன்."

"எருமைக்கு என்ன குறை?"

"எருமைக்கு ஒரு குறையும் இல்லை. மேய்க்கிறவற்ர நாரிக்குத்தான் குறை."

"முதல்ல உன்ர வாய்க்கு ஒரு சங்கிலி போடவேணும்."

இப்படியே எத்தனையோ வருடம் இழுத்தீர்கள். பிறகு ஒரு தை மாதம், என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், எருமையைச் சாக்கில் சுற்றிக் காலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பின்னேரம் சாக்குக்குள் இருந்து எருமைக்குப் பதிலாக வேறொரு மெசின் வெளியே வந்தது. சிறிதும் இல்லை, பெரிதும் இல்லை, நடுத்தரம். எனக்குத் திகைப்பு. பனை தறிக்கிற மனிதர் ஏன் இதை வாங்கினார்?

"பனைக்கு இது காணுமே அண்ணை? பெரிசு இருக்கேல்லையோ?"

"இந்தா, பிடிச்சுப் பார்" என்று என் கையில் தந்தீர்கள். "பாரமோ?"

"என்ர மூத்தவள் பிறக்கேக்க இருந்த மாதிரிக் கிடக்கு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சாக்கை உதறி மடிக்கத் தொடங்கினீர்கள்.

கடைக்காரன் சங்கிலிக்கென்று ஒரு தகரம் மெசின் எண்ணெயும் தந்திருந்தான். அதை உங்கள் வீட்டில் வைக்காமல் நான் சமைக்கிற குசினியின் சுவர்த் தட்டில் கொண்டுவந்து வைத்தீர்கள். "இது இஞ்ச கிடக்கட்டும்" என்றீர்கள். உங்கள் வீட்டில் தட்டு இல்லையா, அண்ணை? அன்றைக்கு நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. இப்போது யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

என் குசினிக்கு மேலே சரிந்து நின்ற பனைக்குத்தான் அந்த மெசினின் முதல் வேலை. அடி உக்கத் தொடங்கியிருந்தது. சோளகக் காற்றுப் பிடிக்க முன்னர் விழுத்தாவிட்டால் அது என் கூரையோடுதான் வரும். பனை ஏறும் செல்லையா, உங்களோடு எப்போதும் மரம் தறிக்க வருகிறவர், மேலே ஏறிக் கயிறு கட்டிவிட்டு இறங்கினார். நீங்கள் கிணற்றடிப் பக்கமாக, மரம் விழவேண்டிய பக்கத்தில், ஆப்பு மாதிரி அரிந்து வெட்டுவாய் வைத்தீர்கள். அரிந்துகொண்டிருக்கும்போதே உங்கள் பெருவிரல் வெறும் கைப்பிடியை அமத்துவதும் விடுவதுமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு.

"அண்ணை, அதில பொத்தான் இல்லை!"

மெசினின் சத்தத்துக்கு மேலால் நீங்களும் கத்தினீர்கள். "எனக்குத் தெரியும். விரலுக்குத் தெரியேல்லை!"

வெட்டுவாய் முடிந்து மறுபக்கம் வந்தபோது சங்கிலி புகைந்தது. கருகல் மணத்தோடு இறுகி நின்றுவிட்டது. நீங்கள் மெசினைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் போய் இருந்தீர்கள். மாசிப் பனி கொட்டுகிற காலையில் உங்கள் நெற்றி முழுக்க வியர்வை. "இண்டைக்குக் காணும்" என்றீர்கள். புது மெசின் மானத்தை வாங்கிவிட்டது என்ற கோபமாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை, தேத்தண்ணி குடித்த கையோடு, கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள். இருதயம் என்றார் டொக்டர். கோப்பை கூட விழுந்து உடையவில்லை. உங்களுடைய காரியம் எல்லாம் அப்படித்தான், சத்தமில்லாமல்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கடைக்குத் திரும்ப வெளிக்கிட்டபோது என் வீட்டுக்காரர் சொன்னார், "மெசினை வித்துப்போட்டு ஆரையும் பிடிச்சு அந்தப் பனையை விழுத்துவியும். பொம்பிளை நீர் அதை வைச்சு என்ன செய்யப் போறீர்?" எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் பிடிக்க ஆள் எங்கே? செல்லையாவே கையை விரித்துவிட்டார்.

"அண்ணை வெட்டுவாய் வைச்ச மரம் அக்கா. வைச்ச ஆள் போயிட்டுது எண்டால் உரித்துக்காரர் ஒரு வெட்டுப் போடவேணும். அதுக்குப் பிறகுதான் பிறத்தியார் கை வைக்கலாம். முந்திக் கை வைச்சால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. எனக்கும் பிள்ளையள் கிடக்கு."

"உரித்துக்காரர் எண்டு அண்ணைக்கு ஆர் இருக்கினம்?"

"நீங்கள்தான்" என்றார் செல்லையா.

இப்போது சொல்லுங்கள், அண்ணை. மரம் தறிக்கிற ஆட்களுக்குள் இருக்கிற இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? இத்தனை காலம் அந்தப் பனையை "பாப்பம், பாப்பம்" என்று விட்டுவைத்தவர், உடம்பு சரியில்லாத நேரம் பார்த்து ஏன் வெட்டுவாய் வைத்தீர்கள்? முடிக்க ஏலாது என்று தெரிந்தே வைத்தீர்களா? அல்லது நாளைக்கு முடிக்கலாம் என்று எல்லோரையும் போல நினைத்தீர்களா?

பங்குனி முழுக்க அந்தப் பனையைப் பார்த்தபடியே சமைத்தேன். கொஞ்சம் காற்றடித்தாலும் உலையை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுவேன். பிள்ளைகளைக் குசினிக்குள் விடவில்லை. கடைசியில் உங்களைத் திட்டிக்கொண்டே, இறுகிக் கிடந்த மெசினைத் திருத்துவிக்கச் சாக்கில் கட்டி, நீங்கள் போன அதே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன்.

கடைக்காரர் எண்ணெய்த் தாங்கியைத் திறந்தவுடன் மூக்கைச் சுளித்தார். "வேப்பெண்ணெயோ விட்டவர்? அக்கா, இது தானா எண்ணெய் இழுக்கிற மெசின். உறைஞ்சு போனால் இழுக்காது. சொல்லித்தானே தகரமும் குடுத்தனான்."

எருமையில் எண்ணெய் உறைந்தால் விரல் சொல்லும். இதில் சொல்ல ஒன்றுமில்லை. அது விளங்குகிறது. ஆனால் மெசின் எண்ணெய்த் தகரத்தை உடைக்காமல் என் தட்டில் வைத்துவிட்டு, உங்களுக்கு ஏன் வேப்பெண்ணெய்? பழக்க தோசமா? எனக்கென்று மிச்சம் பிடித்தீர்களா? அப்படியென்றால் மெசினே எனக்கா?

கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். "பெரிசு அப்ப கடையில இருக்கேல்லையோ?"

"ஏன் இல்லை? பெரிசு எடுக்கத்தான் வந்தவர். தூக்கிப் பாத்திட்டு வைச்சிட்டார். பிறகு இந்த நடுத்தரத்தைத் தூக்கிப் பாத்தவர். வலது கையால தூக்கினவர், பிறகு இடது கையால கன நேரம் தூக்கிக்கொண்டு நிண்டவர். ஏன் ஐயா எண்டு கேட்டனான். இதையே தாரும் எண்டிட்டார்."

இடது கை! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைவு. இடதுகைக்காரி தங்கச்சி தூக்குவாளா என்று பார்த்தீர்கள் என்று நினைத்தபோது, பக்கத்தில் ஆட்கள் இருப்பதையும் மறந்து அழுதேன். பண்ணைப் பாலம் தாண்ட இன்னொரு நினைவு வந்தது. இருதய வருத்தக்காரருக்கு முதலில் இடது கைதான் விறைக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தாரே! உங்கள் கை உங்களுக்கே உதவுமா என்றா பார்த்தீர்கள்? அப்படியென்றால் நான் அதில் எங்கேயும் இல்லை. உங்களுக்கு ஏலாமல் போய்விட்டது, சின்னதை வாங்கினீர்கள், அவ்வளவுதான். வேலணை வரும்வரை ஒருக்கால் அப்படி, ஒருக்கால் இப்படி. இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதை நம்பினாலும் மற்றது வந்து நிற்கிறது.

சித்திரை பிறந்து, சோளகம் மெல்லத் தொடங்கிய ஒரு காலையில் செல்லையாவைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து கயிற்றைக் கிணற்றடிப் பக்கம் இழுத்துப் பிடித்தார். வேலிப் பொட்டு இடுக்குகளில் எல்லாம் கண்கள். "உந்த மனிசிக்கு விசரோ" என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். குசினித் தட்டில் இருந்து உங்கள் தகரத்தை எடுத்து, உடைத்து, எண்ணெய் ஊற்றினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உங்கள் வெட்டுவாய்க்குப் பின்பக்கம் போய் நின்றேன்.

பயம்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் மெசினை இயக்கித் தூக்கியவுடன் அதன் பாரம் என் இடது கையில் வந்து சரியாக உட்கார்ந்தது. பனையின் கறுத்த வைரத்தில் சங்கிலி கீச்சிட்டு, பிறகு உள்ளே போனது. கரிய துரும்புகள் காலில் வந்து கொட்டின.

"காணும் அக்கா!" செல்லையா கத்தினார். "உரித்து வெட்டு விழுந்திட்டுது. இனி நான் பாக்கிறன். தாங்கோ!"

நான் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் தங்கச்சிதானே, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லமாட்டேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி அரிந்தேன். பனை முனகியது. செல்லையா "விட்டிட்டு வாங்கோ!" என்று கத்த, மெசினோடு பின்னுக்கு ஓடினேன். நீங்கள் காட்டிய பக்கமே, கிணற்றடிக்கு நேராக, ஓலையெல்லாம் சளாரென்று அடிக்கப் பனை விழுந்தது. குசினியின் ஒரு ஓடு கூட அசையவில்லை.

செல்லையா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிட்ட வந்தார். என் வலது கையையே பார்த்தார்.

"அக்கா, துவங்கினதில இருந்து அந்தப் பெருவிரலால என்னத்தை அமத்துறியள்? அதில பொத்தான் ஒண்டும் இல்லையே."

குனிந்து பார்த்தேன். மெசின் நின்று, பனை விழுந்து, எல்லாம் முடிந்த பிறகும் விரல் நிறுத்தவில்லை. அமத்து. விடு. அமத்து.

"எனக்குத் தெரியும் செல்லையா" என்றேன். "விரலுக்குத் தெரியேல்லை."

மெசினை நான் விற்கவில்லை, அண்ணை. என் வீட்டுக்காரரும் இப்போது வாயைத் திறப்பதில்லை. வளவு வேலையை நானே பார்க்கிறேன். கொப்பு அரிய அயலுக்குள்ளும் கூப்பிடுகிறார்கள். நேற்றுப் பூவரசு அரிந்தபோதும் விரல் அமத்திக்கொண்டுதான் இருந்தது. அந்த மெசினை யாருக்கு வாங்கினீர்கள் என்று நான் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறேன். விரலுக்கு அந்தக் குழப்பம் ஒன்றும் இல்லை. நீங்கள் வாளின் நுனியில் குனிந்து நின்று, எண்ணெய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.