அரை டம்ளர் பீர்

மார்ச் 4

என் அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ நலமாக இருக்க வழியில்லை, நானும் இல்லை. எப்போது போன் செய்தாலும் உன் அக்காதான் எடுத்து, "அவ குளிக்கிறா" என்கிறார். ஒருத்தி நாள் முழுக்கவா குளிப்பாள்? அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஃபோர்மேனுக்கு அன்று பணி ஓய்வு. லிஃப்ட் சாமான்கள் வைக்கும் கிடங்கிலேயே மதிய விருந்து. அவரே என் கையில் டம்ளரைத் திணித்து, "எனக்காக ஒரு தடவைப்பா" என்றார். மறுக்கக் கூச்சமாக இருந்தது. அரை டம்ளர் பீர் குடித்தேன். அதற்கே தலை சுற்றியது. கூட வேலை செய்கிறவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சோபாவில் விழுந்தது நினைவிருக்கிறது. கண் திறந்தபோது நீயும் இல்லை, உன் பையும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு நீ கேட்டது ஒரே ஒரு வாக்கு, குடிக்கக் கூடாது என்று. அதை நான் காப்பாற்றவில்லை. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. ஆனால் இங்கே வந்து கொடு.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 9

வீட்டுக்காரருக்கு,

போனில் உங்கள் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். எழுத்திலேயே இருக்கட்டும்.

அரை டம்ளராம்! யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்? குடித்தே போய்ச் சேர்ந்தவரின் மகள் நான். அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்று வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். நீங்கள் வந்த கோலம் முழு பாட்டிலையும் தாண்டியிருந்தது. முகம் செக்கச்செவேலென்று, இமை உப்பி, நாக்குக் குழறி. சின்ன வயதுப் பயம் மொத்தமும் ஒரே நொடியில் திரும்பி வந்துவிட்டது. நிற்க முடியவில்லை, கிளம்பிவிட்டேன்.

அக்கா வேறு "அவரு பாவம்டி" என்று காலையிலிருந்து ராத்திரி வரை பாட்டுப் பாடுகிறாள். அவளுக்கு ஏதாவது லஞ்சம் கொடுத்தீர்களா?

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அப்பா ஒருநாளும் உடம்பைச் சொறிந்துகொண்டதில்லை. நீங்கள் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தீர்கள். அப்பா வந்தால் வீடே நாறும். உங்கள் பக்கத்தில் அவ்வளவு வாடை இல்லை. கடையில் கண் சோதிக்க வருகிறவர்களிடம் கேட்பது போலக் கேட்கிறேன், ஊகம் வேண்டாம், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். முதலில் வந்தது தலைசுற்றலா, அரிப்பா? மூச்சு எப்படி இருந்தது?

இன்னமும்,
உங்கள் மனைவி


மார்ச் 13

அன்புள்ளவளுக்கு,

"இன்னமும்" என்ற அந்த வார்த்தையைப் பத்துத் தடவை படித்தேன்.

முதலில் உதடுதான் அரித்தது. பிறகு கழுத்திலும் தோளிலும் கொசு கடித்தது போலத் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. தொண்டை அடைத்தது. மூச்சு விட்டால் விசில் சத்தம். எல்லாரும் சிரித்தார்கள், "அரை டம்ளருக்கே இந்த ஆட்டமா!" என்று. நாக்குக் குழறியது போதையில் இல்லை, அது வாய்க்குள் வீங்கிக் கிடந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கிடங்கில் ஒரு வாய் ருசி பார்த்தேன். அன்றும் உதடு அரித்தது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பார்கள், எனக்கு உதட்டைக் குத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிடங்குப் பையன்கள் என்னவோ, "பழகினா சரியாயிடும், ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே" என்கிறார்கள்.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 16

என் வீட்டுக்காரருக்கு,

போனில் அழுகைக்கு நடுவே பாதிதான் சொன்னேன். மீதியும் சொல்லிவிடுகிறேன்.

இது போதை இல்லை, அலர்ஜி. அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு நர்ஸ் இருக்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். விசில் சத்தம் என்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சிருக்காருன்னு தூங்க விட்டுருவாங்கம்மா, அப்படியே போனவங்க உண்டு" என்றார். பழகினால் சரியாகாதாம். அடுத்த தடவை இன்னும் மோசமாக வரலாமாம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பையன்கள் என் கண்ணில் படட்டும், பேசிக்கொள்கிறேன்!

இது கிடைத்ததும் முதல் வேலையாக அலர்ஜி டாக்டரைப் பாருங்கள். லீவு இல்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று கதை விட வேண்டாம். ஜனங்கள் படியேறட்டும்.

மூச்சுத் திணறிக் கிடந்தவரைச் சோபாவில் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். உயிரோடு இருந்தீர்களே, அதுவே போதும்.

உங்கள்,
நான்


மார்ச் 22

என் தங்கத்துக்கு,

டாக்டரைப் பார்த்தேன். முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஊசி முனையால் லேசாகக் கீறினார்கள். ஒரு சொட்டு மட்டும் புசுபுசுவென்று வீங்கியது. அது பார்லி. பீர் அதில்தான் காய்ச்சுகிறார்களாம். பாலில் கலக்கும் மால்ட் பவுடரும் அதேதானாம். காலையில் நீ கட்டாயப்படுத்தி ஆற்றிக் கொடுப்பாயே, "உதடு அரிக்குது" என்றால் சாக்குச் சொல்வதாகத் திட்டுவாயே, அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டாயிற்று. எனக்கு வருத்தமே இல்லை.

பேனா போன்ற ஊசி இரண்டு கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் கூடவே இருக்க வேண்டும். தடிப்போடு மூச்சும் அடைத்தால், தலை கிறங்கினால், யோசிக்காமல் தொடையின் வெளிப்பக்கத்தில் குத்த வேண்டும். துணிக்கு மேலேயே குத்தலாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். காலை உயர்த்திப் படுக்க வேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் உட்காரலாம். எழுந்து நடமாடக் கூடாது. சரியாகிவிட்டது போல இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அரிப்பு மாத்திரையை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். "எந்தக் குடியும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு எழுதுங்கண்ணே, அண்ணி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருவாங்க" என்றான் கூட வேலை செய்கிறவன். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பார்லி சேராத மது எனக்கு ஒத்துக்கொள்ளலாமாம். ஆக, நான் குடிக்காமல் இருக்க உடம்பு காவல் நிற்காது. நான்தான் நிற்க வேண்டும். நிற்பேன். ஆனால் என் வாக்கை ஒருமுறை பார்த்துவிட்டாய், இனி நம்புவது உன் இஷ்டம்.

"ஊசி போட வீட்டில யார் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 27

என் அன்புக்குரியவருக்கு,

அந்த ஒரு பொய்யை நீங்கள் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். பஸ்ஸையும் பிடித்திருப்பேன். அப்பா எங்களிடம் தனக்கு நஷ்டமான உண்மை ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. நீங்கள் என்னை இழந்தாலும் சரி என்று உண்மையை எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நிறைய நேரம் அழுதேன். அக்கா பயந்து போய், "அவருக்கு என்னாச்சுடி?" என்றாள். "நல்லாத்தான் இருக்காரு, அதான் அழுறேன்" என்றேன்.

வாக்கு மீறியதற்குத் தண்டனை தனியாக உண்டு. அதில் சலுகை கிடையாது. முதல் வேலையாக, அந்தக் கிடங்கில் எல்லாரையும் கூட்டி, தடிப்பு எப்படி இருக்கும், ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுக்க வேண்டும். சிரிக்கிறவன் யாரென்று எனக்குச் சொல்லுங்கள். எதிர் வீட்டு நர்ஸிடம் மருந்தும் முனையும் இல்லாத பயிற்சி ஊசி ஒன்று இருந்தது. அதை என் தொடையில் குத்திக் குத்திப் பழகிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டும் குத்துவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கு அவ்வளவு கோபத்திலும் சீப்பு முதல் சார்ஜர் வரை எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டவளுக்கு, வீட்டுச் சாவியை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வர மனம் வரவில்லை, அது என்னிடம்தான் இருக்கிறது.

டாக்டரிடம் சொல்லுங்கள், வீட்டில் நான் இருக்கிறேன் என்று.

உங்கள்,
கண்ணாடிக்கடைக்காரி