பன்னிரண்டாம் கணினியை அணைக்காதிருக்க வேண்டி

அனுப்புநர்:
அசைபடக் கலைஞர் (தற்காலிகம்),
மாடிப்படிக்குக் கீழுள்ள அறை,
சாலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பெறுநர்:
அலுவலகத் தலைவர் அவர்கள்,
முதல் மாடி, அதே அலுவலகம்.

பொருள்: அசைபடச் சிறுமி ஆறு நாள்களாக நடுச்சாலையில் நிற்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாலையைக் கடக்கக் கற்பிக்கும் நம் இரண்டு நிமிடப் படத்தில் மூவாயிரம் தனிப் படங்கள் உள்ளன. ஒரே கணினி அவற்றைத் தீட்டி முடிக்கப் பன்னிரண்டு நாளாகும். எனவே தங்கள் அனுமதியுடன் அலுவலகத்தின் பன்னிரண்டு கணினிகளையும் கேபிளால் இணைத்து, வேலையைச் சமமாகப் பங்கிட்டேன். தபால் பிரிவு எழுத்தர் மட்டும் தம் கணினிக்கு வெறும் தார்ச்சாலைப் படங்களே வந்ததாக மனம் வருந்தினார்.

2. பதினொரு கணினிகள் அன்றே முடித்துவிட்டன. பன்னிரண்டாவது தங்கள் அறையில் உள்ளது. மதியத்தில் தாங்கள் கண்மூடிக் கோப்புகளைப் பரிசீலிக்கும்போது அதன் விசிறி இரைவதாகச் சொல்லி, உதவியாளர் அதை அணைத்துவிட்டார்; பிறகு போடவே இல்லை. சிறுமி அப்போது பாதிச் சாலையில் இருந்தாள். எதிரே லாரி.

3. மீதி நூற்றிருபது படங்களை என் கணினியிலேயே முடிக்கலாம். ஆனால் தலைமை எழுத்தர் பங்குகளைக் கோப்புகளாகப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். "மேலதிகாரி பங்குல கை வைக்க எனக்கென்ன தலையெழுத்தா? பாதி ரோடு தாண்டினதே போதும்மா, மீதியைப் பசங்க புரிஞ்சுக்குவாங்க" என்கிறார். தற்காலிகப் பணியாளரான நான் பதிவேட்டை மீறத் துணியவில்லை.

4. சிறுமிக்கு என் மகளின் முகத்தை வைத்திருந்தேன். தினமும் மாலையில் வந்து, முடிந்தவரை பார்த்துவிட்டுப் போவாள். நேற்று அலுவலக வாசலில், நிஜச் சாலையின் நடுவே, கையைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். கேட்டதற்கு, "படத்துல அப்படித்தானேம்மா இருக்கு" என்றாள். லாரி ஓட்டுநர் சமயத்தில் பிரேக் போட்டார். அவர் என்னைத் திட்டியதை இம்மனுவில் எழுத இயலாது.

5. திங்கட்கிழமை இப்படம் நாற்பது பள்ளிகளுக்குப் போகிறது.

ஆகவே அக்கணினியை நான்கு மணி நேரம் ஓடவிடவோ, அதன் பங்கை எனக்கு மாற்றி ஒரு கையெழுத்திடவோ பணிந்து வேண்டுகிறேன். இரைச்சல் தாங்காதெனில், அந்நேரம் தாங்கள் என் அறைக்கு எழுந்தருளலாம். மாடிப்படி நிழலில் பரிசீலனை நன்றாகவே வரும். எப்படியாயினும் இன்று மாலைக்குள் என் மகள் மறுகரை சேர உத்தரவிடுங்கள்.

இடம்: மாடிப்படிக்குக் கீழ்
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
(கையொப்பம்)
அசைபடக் கலைஞர்

நகல்: தங்கள் அறை உதவியாளருக்கு, சுவிட்சின் மேல் ஒட்டிவைக்க.