அடுப்படியில் சூரியன்

அன்புள்ள பெர்சி அப்பாவுக்கு,

போனில் சொன்னால் சண்டையாகும் என்று எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு வேண்டாம், பெர்சி டாக்டருக்குப் படிக்கட்டும் என்றீர்கள். நானும் அவளிடம் அதையே சொன்னேன்.

"கணக்கு எடுக்காட்டி காலேஜுல பிசிக்ஸ் கெடைக்காதும்மா" என்று அழுதாள்.

"ஏளா, அதுல அப்படி என்ன இருக்கு?" என்றேன்.

உப்புக்காற்று அரித்த தகரக் கூரை ஓட்டை வழியாக அடுப்படித் தரையில் வெயில் வட்டமாக விழுமே, அந்த ஓட்டையில் சின்ன முக்கோணத் துளை போட்ட அட்டையை வைத்தாள். அப்போதும் வட்டமாகவே விழுந்தது.

"இது ஓட்டையோட வடிவம் இல்லம்மா, சூரியனோட படம்."

வட்டத்தின் மேல் இருந்த காலை நான் சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவள் அந்த வட்டத்தை ஸ்கேலால் அளந்து, கூரை உயரத்தையும் பாடத்தில் படித்த சூரியனின் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, சூரியன் எவ்வளவு பெரிது என்று சொன்னாள். நம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு குரூப் என்று நானே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம். பயமாகவே இல்லை.

உங்கள் அன்பு மனைவி