பாரலாச்சாவுக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால்

பத்து நாளைக்கு முன்னால் உன் மகள் பெனிட்டா என் ஃபோனுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். ஜூன் கடைசியில் ஆபீஸ் சிநேகிதிகள் மூன்று பேரோடு மணாலியிலிருந்து லே வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு போகிறாளாம். எட்டு நாள் திட்டம். எந்த ஊரில் தூங்குவது, எந்தக் கணவாயை எத்தனை மணிக்குத் தாண்டுவது, பெட்ரோல் எங்கே நிரப்புவது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். உன் மகள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். கடைசிப் பக்கத்தில் மருத்துவக் கேள்விகள். குடும்பத்தில் யாருக்காவது மலை உயரத்தில் உடம்பு முடியாமல் போனதுண்டா என்று ஒரு கேள்வி. ‘ஆம், அம்மாவுக்கு’ என்று நிரப்பியிருந்தாள்.

கூடவே ஒரு குரல் செய்தி. “ஆன்ட்டி, அம்மாவுக்கு அன்னைக்கு என்னென்ன பண்ணுச்சு? தலைவலி மட்டும்தானா, வாந்தியும் இருந்துச்சா? எனக்கும் ஒத்துக்காதுன்னுதான் நெனைக்கிறேன். நான் பாதி வழியில ஜிஸ்பா ஊரோட நின்னுக்கறேன், அவங்க மூணு பேரும் மேல போகட்டும்.”

ஒன்றரை நாள் பதில் போடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

நம்முடைய லே பயணத் திட்டம் ஒரு வருடம் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் அல்சூர் ஏரிப் பக்கம் அந்தத் தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டே காபி. “ஒந்து காபி, பை-டூ மாடி” என்று நீ கன்னடத்தில் சொன்னால், ஒரு காபி இரண்டு டம்ளரில் வரும். நுரை குறைந்த பாதி எனக்கு, நுரை நிறைந்த பாதி உனக்கு என்று எப்படியோ ஒரு வழக்கம். அந்த உயரமான எவர்சில்வர் மேஜையில் வரைபடத்தை விரித்து, நீ பேனாவால் கோடு போடுவாய். சண்டிகரில் உன் தம்பியின் காரை வாங்கிக்கொள்வது. மணாலியில் ஒரு நாள் சும்மா இருப்பது. ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்குவது. “மலையில கிலோமீட்டரை எண்ணாதடீ, மணியை எண்ணு. மைசூர் ரோடு இல்ல அது” என்பாய். வெயில் ஏறினால் பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும் ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும், அதனால் எல்லா ஓடையையும் காலையிலேயே தாண்டிவிட வேண்டும் என்று தனியாக ஒரு தாளில் எழுதினாய். ஆறு ஞாயிற்றுக்கிழமை என்னை நந்தி மலைக்கு ஓட்ட வைத்தாய். கொண்டை ஊசி வளைவெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது. ஆனால் நந்தி மலையில் ரோட்டில் தண்ணீர் ஓடாது.

ஆபீஸில் பெருமை பீற்றிக்கொண்டது நான்தான். உனக்கு அந்த வழக்கமே கிடையாது. ரெக்கார்டு ரூம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஐம்பது வயதில் இரண்டு பொம்பளைகள் கார் ஓட்டிக்கொண்டு லடாக் போகிறோம் என்றால் சும்மாவா? “மல்லிகா மேடம் ஜான்சி ராணி” என்று ஒருவன் சொன்னதை நான் வேண்டாம் என்று மறுக்கவும் இல்லை.

ஜிஸ்பாவிலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். தார்ச்சா தாண்டி ஒரு லாரி குறுக்கே நின்று நான்கு மணி நேரம் போய்விட்டது. ஜிங்ஜிங்பார் தாண்டிப் பெரிய ஓடைக்கு வந்தபோது மதியம் ஒன்று. என் முறை, நான் ஓட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் காரையே விட்டேன். நடுவில் சக்கரம் கல்லில் சிக்கிச் சுற்றியது. தண்ணீர் கதவில் அடித்தது. எப்படியோ அக்கரை ஏறிவிட்டேன். அடுத்த வளைவில் இரண்டு பக்கமும் பனி சுவராக நின்றது. பாரலாச்சா கணவாய்க்கு எட்டு கிலோமீட்டர் என்று பலகை. காரை ஓரம் கட்டினேன். இஞ்சினை அணைத்துச் சாவியை உன் மடியில் போட்டேன்.

“திரும்பிடலாம்டீ” என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். “சரி. எறங்கி இந்தப் பக்கம் வா.” அவ்வளவுதான். அதே ஓடையை நீ ஒரு குலுக்கல் இல்லாமல் தாண்டினாய். மேலே போவதென்றாலும் நீயே ஓட்டியிருப்பாய், கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என் வேலை. அதைக்கூட நான் செய்யவில்லை. கீழே ஒரு கூடாரக் கடையில் நீ இரண்டு பிளேட் மேகி சாப்பிட்டாய். இரண்டாவது பிளேட் எனக்காக வாங்கியது.

பெங்களூர் வந்து முதல் நாள், மதியச் சாப்பாட்டில் எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். நீ அப்போது கை கழுவப் போயிருந்தாய். என் வாயிலிருந்து தானாக வந்தது: “அவளுக்கு மூச்சு வாங்கிடுச்சு. தலைவலி வேற. ரிஸ்க் எதுக்குன்னு திரும்பிட்டோம்.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நிமிர்ந்தால், டிபன் பாக்ஸோடு நீ பின்னால் நிற்கிறாய். பிறகு உட்கார்ந்து மூடியைத் திறந்துகொண்டே சொன்னாய்: “ஆமாப்பா. தலை வெடிக்கிற மாதிரி இருந்துச்சு.”

மாடிப்படியில் உன் கையைப் பிடித்தேன். “விடுடீ” என்றாய். “உன்னை வெச்சுக் கிண்டல் பண்ணா நீ ஒரு வாரம் தூங்க மாட்ட. எனக்கு எருமைத் தோலு.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதோடு போயிருந்தால்கூட மன்னிக்கக்கூடிய விஷயம்தான். இரண்டு வருடம் கழித்து நீ மறுபடியும் வரைபடத்தை எடுத்தாய். இந்தத் தடவை ஸ்பிதி வழியாக, இன்னும் மெதுவாக, பத்து நாள். பிரேசர் டவுனில் உன் வீட்டு சோபாவில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போது உன் வீட்டுக்காரர் வந்தார். ஆபீஸ்காரர்கள் மூலமாக அவருக்கு அந்தக் கதை என்றைக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. “மூச்சு வாங்குனவ திரும்ப அங்கேயே போவாளா? வேணாம்மா. என்னால இங்க நிம்மதியா இருக்க முடியாது.” அதட்டவில்லை. கெஞ்சினார். ‘எனக்கு ஒன்றுமே ஆகவில்லை’ என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரைபடத்தை மடித்தாய். நான் டீயைக் குடித்தேன்.

போன வருடம் வயிற்றில் கட்டி என்றார்கள். நான்கே மாதத்தில் போய்விட்டாய். அந்த நான்கு மாதத்தில் உன் கட்டில் பக்கத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்? இதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது அந்தப் பொய் உன் மகளையும் ஜிஸ்பாவிலேயே நிறுத்தப் பார்க்கிறது. சனிக்கிழமை மத்தியானம் ஜோகுபாளையத்தில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து உன் வீட்டுக்குப் போனேன். டீ இப்போது உன் வீட்டுக்காரரே போடுகிறார். சர்க்கரை தூக்கல். எதிரே உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார்: “பெனிட்டா மலை மலைங்கறா சிஸ்டர். எனக்கு அவங்க அம்மா ஞாபகம்தான். அவளை ரெண்டாவது தடவை விடாதது நல்லதாப் போச்சு. அந்த வயித்துக் கட்டிகிட்டேருந்து காப்பாத்த முடியல, அந்த ஒண்ணுலயாவது காப்பாத்துனேன்.”

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். மறுபடியும் ஒரு எட்டு கிலோமீட்டர். பெனிட்டா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, “சொல்லுங்க ஆன்ட்டி, என்ன சிம்ப்டம்ஸ்?” என்றாள்.

“உங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல கண்ணு. பயந்தது நான். திரும்பலாம்னு சொன்னதும் நான்தான். ஆபீஸ்ல மானம் போயிடும்னு அவ மேல போட்டேன். அவ ஏத்துக்கிட்டா.”

“தலைவலி?”

“இல்ல. ரெண்டு பிளேட் மேகி சாப்பிட்டா.”

பெனிட்டா சிரிக்கப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப அவ போயிருக்கலாமா?”

“போயிருக்கலாம்ண்ணா.”

“நான் வேணாம்னு சொன்ன அன்னைக்கு நீங்க இங்கதான இருந்தீங்க?”

“ஆமாண்ணா. இதே எடத்துலதான்.”

அவர் எழுந்தார். நான் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரவில்லை.

பெனிட்டா கேட் வரைக்கும் வந்தாள். “ஃபார்மை மாத்திடறேன் ஆன்ட்டி. நானும் மேல போறேன்” என்றாள். ரெஸ்ட் நாளை மட்டும் குறைக்காதே, அது எல்லாருக்கும் வேண்டும், ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடு என்றேன். தலையாட்டினாள். எப்போதும் கட்டிப்பிடித்து அனுப்புகிறவள், அன்றைக்குக் கேட்டைச் சாத்திக்கொண்டாள். சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எட்டு நாள் ஆகிறது. உன் வீட்டுக்காரர் ஃபோனை எடுக்கவில்லை. சொல்லிவிட்டால் நெஞ்சு இலேசாகும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நீ அன்றைக்கு அந்த அறையில் இருந்திருந்தால், “விடுங்க, எனக்கும் அன்னைக்குக் கொஞ்சம் தலை வலிச்சுதுதான்” என்று சொல்லி எல்லாரையும் சாப்பிட உட்கார வைத்திருப்பாய். நீ வந்துவிடுவாய் என்பதுபோல் அந்த அறை வாசலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய் இத்தனை மாதத்தில் எனக்கு உறைக்காதது அப்போதுதான் உறைத்தது: எனக்காகப் பொய் சொல்ல இனி யாரும் இல்லை.