புல்தரையில் முளைத்த காளான்

ஆம்பூர், ஐப்பசி 9, புதன் இரவு.

காலையில் மழை விட்டதும் பார்த்தால், பங்களா முன்னால் இருக்கும் புல்தரை முழுக்கக் காளான். காரணம் நான்தான். தோல் பதனிடும் என் ஷாப்பில் ஊறித் தீர்ந்த ஆவாரம்பட்டையைக் கொட்ட இடமில்லாமல், எருவாகட்டும் என்று புல்லின் மேல் பரப்பச் சொல்லியிருந்தேன்.

நான் இறங்கிப் போவதற்குள் என் மனைவி மரகதம் முந்தானை நிறையப் பறித்துவிட்டாள். மகள் செத்த பிறகு இவளை ஒரு கவளம் சோறு தின்ன வைப்பதற்கே நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

"ஏங்க, கொழம்பு வெக்கட்டா? துன்னணும் போல இருக்குது."

"பட்டையில மொளைச்சது. விஷமா இன்னான்னு யாருக்குத் தெரியும்?"

"தோலைத் தொட்டே ரகம் சொல்ற பெரிய சாவுகார்தானே? இதையும் தொட்டுச் சொல்லுங்க."

தொட்டுப் பார்த்தேன். ஈரம் மட்டும்தான் தெரிந்தது. "வேணாம்" என்றேன்.

எல்லாவற்றையும் வாங்கிக் குழியில் போட்டு மூடினேன். தரையில் மிச்சம் இருந்ததைச் செருப்பால் நசுக்கினேன். அவள் நின்று பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

சந்தைக்கு ஆள் அனுப்பிக் கத்தரிக்காயும் கருவாடும் வாங்கிவரச் செய்தேன். குழம்பு வைத்து எனக்குப் பரிமாறினாள்.

"உனக்கு?"

"பசிக்கலைங்க."

நான் செய்தது சரிதான். வருத்தம்கூட வரவில்லை, மரத்துப்போனது போல் இருக்கிறது.

மறுபடியும் தூறுகிறது. விடிவதற்குள் புதிதாக முளைத்துவிடும். அவளுக்கு முன்னால் நான் எழுந்துவிட வேண்டும்.