ரிசல்ட் வந்த நாளின் கெண்டைக் குழம்பு

என்னங்க,

பெங்களூரிலிருந்து ரிசல்ட் வந்துவிட்டது. அம்மாவிடமிருந்து லண்டன் அக்காவுக்கு வந்த மார்புப் புற்றுநோய் ஜீன் எனக்கு இல்லை. நம் ஆஷ்லினுக்கும் என் வழியாக வராது. அக்காவை அங்கே ஆஸ்பத்திரியே கூப்பிட்டுச் சோதித்தது. நான்தான் தஞ்சாவூரில் யாரைக் கேட்பதென்று தெரியாமல் அலைந்தேன்.

“இல்லாத நோயை எதுக்குத் தேடிப் போறே” என்று நீங்கள் போட்ட சண்டையை மறக்கவில்லை. ஆனாலும் நான் ரத்தம் கொடுத்த நாளிலிருந்து, வயிறு சரியில்லை என்று மீனையும் கறியையும் தொடாமல் இருக்கிறீர்கள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டது எனக்குத் தெரியாதா?

அடுப்பில் கெண்டைக் குழம்பு இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள். அக்காவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றக் கோயிலுக்குப் போகிறேன். வெளியே கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

அருள்மேரி

பி.கு.: முள் பார்த்துச் சாப்பிடுங்கள். பழக்கம் விட்டுப்போயிருக்கும்.