அப்பாவின் புங்கமரம்

அன்பு மகன் தேவேந்திரனுக்கு அம்மா எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம்தானே? திருச்சானூர் பெண்கள் விடுதியில் என் வார்டன் வேலை ஒழுங்காக நடக்கிறது. நீ போனில் பேசினால் அங்கே அடுத்த வீட்டில் இருக்கும் உன் சித்தப்பாவுக்குக் கேட்கும், அதனால் கடிதம்.

நேற்று அவர் வாழைப்பழத்தோடு விடுதிக்கே வந்தார். "அண்ணி, அண்ணனுக்கு சிமெண்ட்ல சமாதி கட்டிடலாம். செலவு என்னுது."

பெட்டி, சிமெண்ட் எதுவும் வேண்டாம், வேட்டியில் சுற்றிப் புதைத்து மேலே மரம் நடுங்கள் என்று உன் அப்பா கேட்டது அவருக்குத் தெரியாதா? அந்தப் புங்கமரத்தின் நிழல் இடுகாட்டை ஒட்டிய உன் சித்தப்பாவின் நிலத்தில் விழுந்து பயிரைக் கெடுக்கிறது, அதுதான் விஷயம்.

"மரம்?" என்றேன்.

"வேரு சமாதிய ஒடச்சிடும் அண்ணி, அத எட்த்துட்டுத்தான்..."

பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடிதம் கிடைத்த அன்றே இடுகாட்டுக்குப் போய் மரத்தைப் படம் எடுத்து அனுப்பு. படத்தில் நீயும் நிற்க வேண்டும். இல்லையென்றால் பழைய படம் என்றே நினைப்பேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அம்மா